மண்ணீரற் கட்டியும் காந்தப் பரிவு விம்பமும்

காய்ச்சற்கட்டி என்பது நம் முன்னோர் வழக்கில் இருந்த ஒரு சொல். மலேரியாக் காய்ச்சலால் மீண்டும் மீண்டும் வருந்தியவரின் இடப்பக்க விலாவின் கீழே கல்லைப்போலத் தட்டுப்படும் மண்ணீரலை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். வேறு கருவி யாதும் இல்லாத காலத்தில், விரல்களையே கருவியாகக் கொண்டு, உடலினுள்ளே நிகழ்ந்த மாற்றம் ஒன்றை வெளியிலிருந்து அறிந்து, அதற்குப் பெயரும் இட்டனர். அப்பெயரிலே நோயின் காரணமும் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது. கட்டியை மட்டுங் கூறாது, அது காய்ச்சலால் வந்தது என்பதையுஞ் சேர்த்தே அவர்கள் கூறினர்.

மேலைநாட்டு வைத்தியரும் இம்முறையையே கைக்கொண்டனர். வட இந்தியாவில் யமுனைக் கால்வாய்ப் பாசனத்தால் காய்ச்சல் பெருகியதா என ஆராயப் புகுந்த டெம்ஸ்டர் என்னும் வைத்தியர், 1840களில் ஊர்தோறும் மக்களின் வயிற்றைத் தடவிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேரிடத்து மண்ணீரல் வீங்கியுள்ளது எனக் கணக்கிட்டார். அன்று தொட்டு மண்ணீரல் வீதம் என்னும் அளவு மலேரியா ஆராய்ச்சிக்கு உரைகல்லாயிற்று. இலங்கையிலும் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்து இவ்வளவு பெறப்பட்டது. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இந்நாட்டிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அந்நாளிற் காய்ச்சற்கட்டி கிராமங்கள்தோறும் காணப்பட்ட காட்சி.

அந்நிலை இன்றில்லை. இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா இறுதியாக 2012ஆம் ஆண்டில் அறியப்பட்டது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றுரைத்தது. எனினும் வீங்கிய மண்ணீரலோடு வருவோர் இன்றும் வைத்தியசாலைகளில் உளர். அவருட் சிலரின் நோய்க்கு மூலம் மண்ணீரலில் இல்லை. என்பினுள் இருக்கும் மச்சையிலே உளது. அத்தகையோரின் மண்ணீரலினுள்ளே தனிக்கட்டி ஒன்றுந் தோன்றுமாயின், அஃது யாது என்னும் வினா எழுகின்றது. விரல்கள் வீக்கத்தை அறியும். வீக்கத்தினுள் இருப்பதை அறியா. அவ்வினாவிற்குக் கத்தியின்றி விடைகாண முயலும் காந்தப் பரிவு விம்ப முறையைப் பற்றியும், அவ்விடையைப் பெறுமுன் என்புமச்சையை ஏன் வினவவேண்டும் என்பதைப் பற்றியும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணீரலின் தொழில்

மண்ணீரல் வயிற்றின் இடப்பக்க மேற்புறத்தில், ஒன்பதாம் விலா முதற் பதினோராம் விலா வரையுள்ள பகுதியின் உட்புறத்தே மறைந்து கிடக்கும் உறுப்பு. வளர்ந்தோரிடத்து அதன் நிறை ஏறத்தாழ 150 கிராம். சுகதேகியின் மண்ணீரல் பொதுவாகக் கைக்கு அகப்படுவதில்லை. விலாவின் கீழே அது தெளிவாகத் தட்டுப்படின், பெரிதும் அது பருத்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வுறுப்பின் தொழில்கள் இரண்டு. முதலாவது, குருதியை வடித்தல். செங்குருதிக்கலம் ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றது. முதுமையால் வளையுந்தன்மையை இழந்த கலங்கள் மண்ணீரலின் நுண்ணிய இடைவெளிகளை ஊடுருவ மாட்டாது அங்கே அகப்பட்டு அழிக்கப்படுகின்றன. அவற்றிலிருந்த இரும்பு வீணாகாது சேமிக்கப்பட்டு மீண்டும் புதுக்குருதி ஆக்கத்திற்கு அனுப்பப்படுகின்றது. இரண்டாவது, காவல். குருதியிற் புகுந்த பற்றீரியாக்களைப் பிடித்தலும், அவற்றிற்கெதிரான பிறபொருளெதிரிகளை ஆக்குதலும் மண்ணீரல் செய்யும் பணிகளாம். இவ்விரண்டையும் நினைவிற் கொள்க. மண்ணீரலை அகற்றினால் யாது நேரும் என்பதை இவையே விளக்கும்.

குருதியின் பிறப்பிடம்

குருதி எங்கே உண்டாகின்றது என்னும் வினாவிற்கு 1868ஆம் ஆண்டு வரை தெளிவான விடை இருந்ததில்லை. அவ்வாண்டிலே செருமனியில் எர்ன்ஸ்ட் நோய்மன் என்பாரும், இத்தாலியில் ஜூலியோ பிட்சொசேரோ என்பாரும், தனித்தனியே ஆராய்ந்து, என்பினுள் இருக்கும் மச்சையே குருதிக்கலங்களின் பிறப்பிடம் என்பதைக் கண்டறிந்தனர். வளர்ந்தோரிடத்து இத்தொழில் முதுகென்பு, இடுப்பென்பு, மார்பென்பு, விலாவென்பு ஆகியவற்றிலும், தொடை, மேற்கை என்புகளின் உடலை அடுத்த முனைகளிலும் நிகழ்கின்றது.

ஆனால் தாயின் கருவறையில் நிலைமை வேறு. அங்கே முதலிற் கருவுணவுப் பையிலும், பின்னர் ஈரலிலும், ஓரளவு மண்ணீரலிலும் குருதி உண்டாகின்றது. என்புமச்சை இப்பொறுப்பை ஏற்பது கருவளர்ச்சியின் பிற்பாதியிலேதான். பிறந்தபின் ஈரலும் மண்ணீரலும் இத்தொழிலை விடுத்துவிடினும், அதனை மீண்டும் மேற்கொள்ளும் ஆற்றலை முற்றாக இழப்பதில்லை. என்புமச்சை தன் கடமையை ஆற்றமாட்டாது தளரும்போது, இப்பழைய இடங்களிற் குருதியாக்கம் மறுபடி தொடங்குகின்றது. இதனைப் புறமச்சைக் குருதியாக்கம் எனக் கூறலாம்.

என்புமச்சை தளர்வதற்குரிய நோய்கள் பலவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று, என்புமச்சை நாராகும் நோய். 1879ஆம் ஆண்டில் ஹொய்க் என்னும் செருமானிய வைத்தியர் இதனை முதலில் எடுத்துரைத்தார். இந்நோயில் மச்சையின் மென்மையான இழையம் நார்போல இறுகிவிடக் குருதிக்கலங்களின் மூலக்கலங்கள் அங்கே தங்க இடமின்றிக் குருதியோட்டத்திற் புகுந்து மண்ணீரலையும் ஈரலையும் அடைகின்றன. மண்ணீரல் இடுப்பு வரையும் பருத்தல் கூடும். மற்றையது தலசீமியா. இதில் மச்சை உழைக்காதிருப்பதில்லை. அளவுக்கு மீறி உழைக்கின்றது. ஈமோகுளோபின் புரதத்தின் ஒரு பகுதி குறைவாக ஆக்கப்படுதலால், தோன்றும் செங்கலங்களுட் பெரும்பாலன முதிருமுன்னரே மடிகின்றன. குறையை நிரப்ப மச்சை மேலும் மேலும் பெருகி, என்புகளை விரித்து, முடிவில் என்பின் எல்லையையும் கடந்து வெளியே செல்கின்றது.

இவ்வாறு மண்ணீரலிற் குடியேறும் குருதியாக்கம் பெரும்பாலும் உறுப்பு முழுவதும் பரவியே காணப்படும். அருகிச் சிலரிடத்து மட்டும் ஓரிடத்தே திரண்டு தனிக்கட்டியாக உருக்கொள்ளும். அக்கட்டி பகையன்று, வீடிழந்த என்புமச்சை தேடிக்கொண்ட மாற்றிடம் எனலாம். ஆயினும் படத்திற் பார்ப்பவருக்கு அது புற்றுநோய் போலத் தோன்றும். இடர் தோன்றுவது இங்கேதான்.

நம் நாட்டு நிலை

இவ்விடயம் தொலைநாட்டு ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரியதென எண்ணற்க. இலங்கையில் மலேரியாவும் தலசீமியாவும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாம். தலசீமியாப் பரம்பரையலகைத் தாய், தந்தை என்னும் இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் மலேரியாவை ஓரளவு தாங்கவல்லவராதலின், மலேரியா மிகுந்த நாடுகளில் அப்பரம்பரையலகு நிலைபெற்றது என்னும் கருத்தை ஹால்டேன் என்னும் உயிரியலறிஞர் 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிற்கால ஆராய்ச்சிகள் அக்கருத்திற்கு ஆதரவளித்தன. ஒருவருக்குக் கேடயமாய் இருப்பது, அதனை இருபுறத்தும் பெற்ற பிள்ளைக்குப் பெருநோயாகின்றது. காய்ச்சற்கட்டி மறைந்த நாட்டிலே தலசீமியாவின் கட்டி எஞ்சியதன் காரணம் இதுவே.

இந்நாட்டுத் தலசீமியா நோயாளர்களைப் பற்றிய விரிவான ஆய்வொன்றை இலங்கை வைத்தியர்களும், இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த டேவிட் வெதரோல் முதலியோரும் இணைந்து நடாத்தி, 2000ஆம் ஆண்டில் லான்செற் என்னும் வைத்திய இதழில் வெளியிட்டனர். 23 வகையான பரம்பரையலகு விகாரங்கள் காணப்படினும், அவற்றுள் மூன்றே நோயாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேரின் நோய்க்குக் காரணம் என்பது அதனால் விளங்கிற்று. அம்மூன்றனுள் ஒன்று ஈமோகுளோபின் ஈ எனப்படும் மாறிய ஈமோகுளோபினைத் தருவது. அது பீற்றா தலசீமியாவோடு ஒருவரிடத்தே சேரும்போது உண்டாகும் நோய் ஒரே தன்மையதன்று. ஒருவர் குருதி ஏற்றாமலே பல்லாண்டு வாழ்கின்றார். மற்றொருவர் சிறு பராயம் முதலே குருதி ஏற்றலை நம்பி வாழ்கின்றார். குருநாகலில் அமைந்த தலசீமியா நிலையம் இத்தகையோரைப் பேணும் பணியிற் பெயர்பெற்றது.

குருதி குறைவாக ஏற்றப்படுவோரிடத்தும் ஏற்றப்படாதோரிடத்துமே புறமச்சைக் குருதியாக்கம் மிகுதி. குருதி ஒழுங்காக ஏற்றப்படின் மச்சையின் மேலுள்ள நெருக்கடி தணிந்து, அது எல்லை கடவாது அமைகின்றது. ஆகவே ஈமோகுளோபின் ஈ பீற்றா தலசீமியா உள்ள ஒருவரின் மண்ணீரலில் அல்லது முதுகென்பின் அருகே கட்டி காணப்படின், அது இடம்பெயர்ந்த மச்சையாகலாம் என்னும் எண்ணம் வைத்தியர் உள்ளத்தே முதலில் எழுதல் வேண்டும்.

ஒரே நிழல், பல பொருள்

ஆயினும் மண்ணீரற் கட்டிகள் யாவும் இடம்பெயர்ந்த மச்சை ஆகா. நிணநீர்ப் புற்று, வேறிடத்திலிருந்து பரவிய புற்று, தீங்கற்ற குருதிக்குழாய்க் கட்டி, நீர்க்கட்டி, குருதியோட்டம் தடைப்பட்டு இறந்துபோன பகுதி, காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி ஆகிய பலவும் அங்கே தோன்றலாம். அவற்றுள் ஒன்றைச் சிறப்பாகக் குறிப்பிடல் தகும். மெலியோயிடோசிஸ் என்பது நனைந்த மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் விளையும் நோய். வயலில் வெறுங்காலோடு உழைப்போரையும் நீரிழிவு உள்ளோரையும் அது எளிதிற் பற்றும். தலசீமியாவும் அந்நோய்க்கு இடமளிக்கும் காரணங்களுள் ஒன்று. இலங்கையிலும் இந்தியாவிலும் காணப்படும் இந்நோய், மண்ணீரலிற் சீழ்க்கட்டிகளைத் தோற்றுவிப்பதிற் பேர்போனது. எனவே ஒரே நோயாளியின் மண்ணீரலில் உள்ள கட்டி, தொடாது விடத்தக்க மச்சையாகவும் இருக்கலாம், தாமதமின்றி நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவேண்டிய சீழாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம்.

ஊசியால் ஒரு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் ஐயம் தீராதோ எனின், தீரும். ஆனால் மண்ணீரல் குருதி நிறைந்த மெல்லிய உறுப்பு. என்புமச்சை நோயாளர் பலரிடத்துக் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்களும் குறைந்திருக்கும். ஊசி குத்திய இடத்திலிருந்து உள்ளே குருதி பெருகுமாயின் அதனைத் தடுத்தல் எளிதன்று. ஆதலால் ஊசி முதற்படியாகாது.

மண்ணீரல் முழுவதையும் அகற்றிவிட்டால் என்ன என்பார்க்கும் விடை உண்டு. 1952ஆம் ஆண்டில் கிங், சூமாக்கர் என்னும் இரு வைத்தியர்கள், மண்ணீரல் அகற்றப்பட்ட குழந்தைகளைக் கடுந்தொற்று திடீரெனப் பற்றுவதை எடுத்துக்காட்டினர். அதன்பின் காவலிழந்த உடலின் நிலை யாவர்க்கும் புலனாயிற்று. இலங்கைத் தலசீமியா நோயாளரைப் பற்றி 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, மலேரியாவிற்கு எதிரான பிறபொருளெதிரிகள் அவரிடத்து மற்றையோரினும் மிகுதியாக இருந்ததையும், மண்ணீரல் அகற்றப்பட்டவரிடத்து அது மேலும் கூடியிருந்ததையும் காட்டிற்று. அவர்கள் மலேரியாத் தொற்றிற்கு மிகுதியாக ஆளாயினர் என்பதற்கு இது சான்றாகும். குருதிக்குழாய்களிற் குருதி உறையும் இடரும் மண்ணீரலை இழந்த தலசீமியா நோயாளரிடத்துப் பெருகுகின்றது. அகற்றியே தீரவேண்டிய நிலையும் சிலருக்கு வரும் என்பது உண்மை. ஆனால் கட்டியைப் பற்றிய ஐயம் ஒன்றனால் மட்டும் ஒருவர் தம் மண்ணீரலை இழத்தல் இரங்கத்தக்கது.

காந்தப் பரிவு

கத்தியும் ஊசியுமின்றி உள்ளிருப்பதை ஆராயும் வழி காந்தப் பரிவு விம்பம். அதன் அடிப்படையைப் பௌதிகம் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர்.

நம் உடலிற் பெரும்பகுதி நீர். நீரிலும் கொழுப்பிலும் ஐதரசன் அணுக்கள் நிறைந்துள. ஐதரசனின் கரு தனியொரு புரோத்தன். அது ஒரு சிறு காந்தம்போல நடக்கும். வலிய காந்தப்புலத்தில் வைக்கப்படும்போது, சாய்ந்து சுழலும் பம்பரத்தின் அச்சு வட்டமிடுதல்போலப் புரோத்தனும் புலத்தின் திசையைச் சுற்றி வட்டமிடும். அதன் வேகம் புலத்தின் வலிமையைப் பொறுத்தது. வைத்தியசாலைகளிற் பெரிதும் வழங்கும் 1.5 தெசிலாப் புலத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 39 இலட்சம் முறை வட்டமிடும். அப்புலமோ புவியின் காந்தப்புலத்தினும் பல்லாயிரம் மடங்கு வலியது.

ஊஞ்சலில் ஆடும் பிள்ளையை நினைத்துப் பார்க்க. ஊஞ்சலின் கதிக்கு ஒத்த நேரத்தில் மெல்லத் தள்ளினாலும் ஆட்டம் பெருகும். கதி பிசகித் தள்ளின் எவ்வளவு வலுவாகத் தள்ளினும் பயன் குறைவு. கதியொத்த தூண்டலுக்கு இவ்வாறு இணங்குதலே பரிவு. புரோத்தன் வட்டமிடும் அதே மீடிறன் உடைய வானொலி அலையை உடலிற் செலுத்தினால், புரோத்தன்கள் அதனை ஏற்றுத் தம் நிலையிலிருந்து சாயும். ஒன்றோடொன்று ஒத்தும் வட்டமிடும். அலையை நிறுத்தியபின் அவை பழைய நிலைக்கு மீளும்போது வெளிப்படும் நுண்ணிய சைகையையே பொறி ஏற்கின்றது. எக்சுக் கதிரைப் போல இவ்வலை அணுக்களை அயனாக்குவதில்லை.

மீளுதல் இரு வகையில் நிகழும். ஒன்று, புரோத்தன் தான் பெற்ற சத்தியைச் சூழலுக்குக் கொடுத்துப் புலத்தின் திசைக்குத் திரும்புதல். இதனை முதலாந் தளர்வு என்போம். கொழுப்பில் இது விரைவாகவும் நீரில் மெதுவாகவும் நிகழும். ஆகவே இதனை அடிப்படையாகக் கொண்ட படத்திற் கொழுப்பு வெண்மையாகவும் நீர் கருமையாகவுந் தோன்றும். மற்றொன்று, ஒத்து வட்டமிட்ட புரோத்தன்கள் ஒன்றையொன்று பிசகுதல். காவடியாட்டத்தில் ஒரே கதியிற் பெயர்ந்த கால்கள் மேளம் நின்றபின் ஒவ்வொன்றாகக் கதி தவறுதல்போன்றது இது. இதனை இரண்டாந் தளர்வு என்போம். நீரில் ஒத்திசைவு நெடுநேரம் நீடிக்குமாதலின் இவ்வகைப் படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். இரும்பு செறிந்த இழையத்திலோ ஒவ்வோர் இரும்புத் துணிக்கையும் தன்னைச் சூழ்ந்த புலத்தைக் குலைத்துவிட, ஒத்திசைவு நொடியில் அழியும், படம் கருமையாகும்.

இப்பரிவை 1946ஆம் ஆண்டில் பிளொக், பேர்செல் என்போர் திண்மங்களிலும் திரவங்களிலும் கண்டு, 1952ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றனர். சைகை உடலின் எவ்விடத்திலிருந்து வருகின்றது என்பதை அறியும் வழியை 1973ஆம் ஆண்டில் லோட்டர்பர் வகுத்தார். புலத்தின் வலிமையை இடத்துக்கிடம் சிறிது மாற்றின், வட்டமிடும் வேகமும் இடத்துக்கிடம் மாறும். எனவே சைகையின் மீடிறனே இடத்தைக் கூறிவிடும். இம்முறையை விரைவுபடுத்திய மான்ஸ்பீல்டும் அவரும் 2003ஆம் ஆண்டில் வைத்தியத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

விம்பத்தை வாசித்தல்

இனி இப்படத்தை எங்ஙனம் வாசித்தல் வேண்டும் என்பதைக் காண்போம். கட்டியைப் பார்க்குமுன் அதன் அயலைப் பார்த்தல் முறை. வயிற்றின் விம்பத்தில் மண்ணீரலோடு முதுகென்பும் தெரிகின்றது. வளர்ந்தவரின் முதுகென்பு மச்சையிற் கொழுப்பு ஓரளவு கலந்திருத்தலால், முதலாந் தளர்வுப் படத்தில் அது என்புகளின் இடையேயுள்ள தட்டுக்களினும் வெண்மையாகத் தோன்றல் இயல்பு. தலசீமியாவில் மச்சை பெருகிக் கொழுப்பை அகற்றிவிடும். மற்றைய நோயில் நார் அதன் இடத்தைக் கைப்பற்றும். இரண்டிடத்தும் முதுகென்பு கருமையுறும். அக்கருமை கண்டவிடத்து, மண்ணீரற் கட்டியைப் பற்றிய விசாரணை மண்ணீரலில் அன்று, மச்சையிலேயே தொடங்குகின்றது. முதுகென்பின் இருமருங்கும் அதே தன்மையுடைய கட்டிகள் காணப்படின் புறமச்சை என்னும் கருத்து மேலும் வலுப்பெறும்.

அடுத்து இரும்பைப் பார்த்தல் வேண்டும். ஏற்றப்படும் குருதிப் பொதி ஒவ்வொன்றும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பைக் கொண்டுவருகின்றது. மிகுதியான இரும்பை வெளியேற்றும் வாயில் உடலுக்கு இல்லை. மண்ணீரல் அதனைச் சேமித்துச் சேமித்துக் கருமையடைகின்றது. சுகதேகியிடத்து இரண்டாந் தளர்வுப் படத்தில் ஈரலினும் வெண்மையாகத் தோன்றும் மண்ணீரல், பலமுறை குருதி ஏற்றப்பட்டவரிடத்துக் கரிபோலத் தோன்றும். குருதி ஏற்றப்படாது, உணவிலிருந்தே மிகுதியாக இரும்பை உறிஞ்சும் தலசீமியா நோயாளரிடத்தோ இரும்பு பெரிதும் ஈரலிற் படியும். மண்ணீரல் ஓரளவு தப்பும். இவ்வாறு ஒரு படமே நோயாளியின் கடந்தகால வரலாற்றையுங் கூறுகின்றது.

இவற்றின் பின்னரே கட்டியை நோக்குக. புறமச்சைக் கட்டி தன் பருவத்திற்கேற்ப நிறம் மாறும். குருதியாக்கம் முனைப்பாக நிகழும் கட்டி நீரும் குருதியும் மிக்கதாதலின் இரண்டாந் தளர்வுப் படத்தில் ஓரளவு வெண்மையாகத் தெரியும். தொழில் ஓய்ந்த பழங்கட்டியில் இரும்பு படிந்திருப்பின் இருவகைப் படத்திலும் கருமையாகும். கொழுப்பு படிந்திருப்பின் முதலாந் தளர்வுப் படத்தில் வெண்மையாகும். கடோலினியம் கலந்த மருந்தைக் குருதியிற் செலுத்திப் பார்க்கின், இக்கட்டி பெரும்பாலும் மெல்லவே ஒளிபெறும். குருதிக்குழாய்க் கட்டி இரண்டாந் தளர்வுப் படத்தில் மிக வெண்மையாகி, மருந்தைப் படிப்படியாக ஏற்று நிறையும். நீர்க்கட்டி மருந்தை ஏற்பதேயில்லை. இறந்த பகுதி ஆப்பு வடிவாக விளிம்பை நோக்கி விரிந்து, மருந்தேற்காது கிடக்கும். சீழ்க்கட்டியின் விளிம்பு மட்டும் ஒளிர, நடுப்பகுதி ஒளியற்றிருக்கும். நோயாளிக்குக் காய்ச்சலும் இருக்கும். நிணநீர்ப் புற்றோ இத்தெளிவான அடையாளங்களின்றிப் புறமச்சைக் கட்டியை மிக ஒத்திருத்தல் உண்டு.

மற்றோர் உரைகல் காலம். புறமச்சைக் கட்டி மெதுவாக வளர்வது. குருதி ஏற்றலாலோ, ஐதரொட்சியூரியா என்னும் மருந்தாலோ மச்சையின் நெருக்கடி தணிக்கப்படும்போது அது சுருங்குதலும் உண்டு. கதிரியக்கத் தீங்கு இல்லாமையாற் காந்தப் பரிவு விம்பத்தை இடையிட்டு மீண்டும் எடுத்து ஒப்பிடலாம். புற்று அவ்வாறு பொறுத்திருப்பதில்லை.

அளவுகோலாக விம்பம்

தடவிப் பார்த்து விரற்கணக்கில் அளந்த மண்ணீரலை இன்று கனவளவாகவே கணக்கிடல் கூடும். விம்பத்தின் ஒவ்வொரு படையிலும் மண்ணீரலின் எல்லையை வரைந்து, பரப்புக்களைக் கூட்டினாற் கனவளவு பெறப்படும். இதன் பயன் அண்மைக் காலத்தில் நன்கு வெளிப்பட்டது. என்புமச்சை நாராகும் நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்து ஜக்-2 என்னும் பரம்பரையலகில் ஒரு விகாரம் இருத்தல் 2005ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அவ்வழியைத் தடுக்கும் றக்சோலிற்றினிப் என்னும் மருந்து அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. அதற்கு அடிப்படையாயிருந்த பரிசோதனைகளுள் ஒன்றில், 24 கிழமைகளின் பின் மண்ணீரலின் கனவளவு நூற்றுக்கு முப்பத்தைந்தேனும் குறைந்ததா என்பதே வெற்றியின் அளவுகோல். விம்பத்தால் அளந்தபோது, மருந்து உண்டவருள் 41.9 சதவீதத்தினர் அவ்வெல்லையை எட்டினர். போலிமருந்து உண்டவருள் எட்டியோர் 0.7 சதவீதத்தினரே. டெம்ஸ்டரின் விரல்கள் தொடங்கிய கணக்கு இவ்வாறு தொடர்கின்றது.

முறையின் எல்லைகள்

இம்முறை குறைபாடற்றதென்று கூறுதல் உண்மையாகாது. இரும்பு மிகச் செறிந்த மண்ணீரலிற் சைகை முற்றாக அழிந்து, சிறு கட்டிகள் இருளில் மறைதல் கூடும். சிறுநீரகம் மிகத் தளர்ந்தோருக்குக் கடோலினிய மருந்தை எண்ணித் துணிந்தே கொடுத்தல் வேண்டும். பொறியின் காந்தம் வலியதாதலால், இதயத்துடிப்பைச் சீர்செய்யும் கருவி பொருத்தப்பட்டோர் அதனை முன்கூட்டியே அறிவித்தல் கடன். நம் பிரதேசத்தார்க்கு இன்னொன்றும் கூறவேண்டியுளது. போர்க்காலத்தில் எறிகணைச் சிதறல்கள் உடலிற் புகுந்து, அகற்றப்படாது தங்கியோர் நம்மிடையே பலர் உளர். அத்துண்டு இரும்பாயின், காந்தப்புலத்தில் அசைந்து கண்ணையோ நரம்பையோ குருதிக்குழாயையோ ஊறுபடுத்தலாம். பல்லாண்டு கழிந்தமையால் மறந்துபோன காயத்தையும் பொறிக்குள் நுழையுமுன் சொல்லிவிடுதல் வேண்டும். ஐயமாயின் எக்சுக் கதிர்ப்படம் முதலில் எடுக்கப்படும்.

எல்லாம் பார்த்தபின்னும் புற்றோ அன்றோ என்னும் ஐயம் நீங்காத சிலர் இருப்பர். அவருக்குக் கதிர்வீசும் தெக்னீசியத்தைக் கொண்ட கூழ்மத்தாற் செய்யும் சோதனை உதவலாம். இறுதியில் ஊசியும் வேண்டப்படலாம். விம்பம் ஊசியை ஒழிப்பதன்று. வேண்டாதவிடத்து ஊசி புகாமற் காப்பது. மண்ணீரலை அகற்றியே தீரவேண்டின், நிமோனியா, மூளைக்காய்ச்சல் முதலியவற்றை விளைக்கும் பற்றீரியாக்களுக்கெதிரான தடுப்பூசிகளை இயன்றவரை இரு கிழமை முன்னரே போட்டுக்கொள்ளல் நன்று. அகற்றப்பட்டோர் காய்ச்சல் கண்டவுடன், அது சிறிதெனக் கருதாது, வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

இவ்விடத்திலே திருவள்ளுவரின் மருந்து என்னும் அதிகாரம் நினைவிற்கு வருகின்றது. நோயை அறிதலோடு நில்லாது, அது தோன்றிய மூலத்தையும் தேர்ந்து, பின்னரே தணிக்கும் வழியைக் கைக்கொள்ளுமாறு அவர் வைத்தியனைப் பணித்தார். மண்ணீரலிலே கட்டி உளது என்பது நோயை அறிதல். அக்கட்டி மச்சையின் வருத்தத்தால் வந்ததா, மண்ணிலிருந்து புகுந்த கிருமியால் வந்ததா, புற்றால் வந்ததா எனத் தேர்தல் மூலத்தை அறிதல். காந்தப் பரிவு விம்பம் அத்தேர்விற்குத் துணைபுரியும் கருவி மாத்திரமே. தேர்ந்து தெளிபவன் மனிதன். கட்டியின் பெயரிலேயே அதன் காரணத்தையும் வைத்துப் பேசிய நம் முன்னோரின் வழக்கு, புதிய பொறிகளோடு பழகும் இக்காலத்து மாணவர்க்கும் நல்லதொரு பாடமாகும்.